கராத்தே

‘தே’ என்பது ஜப்பானியத்தில் கை. சீனத்தோடு, சிறப்பாக ஃபூஜியன் மாகாணத்தோடு நெடுங்காலம் வாணிப சம்பந்தம் பூண்டிருந்த ஒகினாவாத் தீவினர், அங்கிருந்து வந்த முறைகளும் தம் தற்காப்புக் கலையிற் கலந்தமையால், தாங் வம்சத்தைக் குறிக்கும் எழுத்தை முன்னே சேர்த்து, ‘சீனக் கை’ என்று பொருள்பட அதை எழுதி வந்தனர். அவ்வெழுத்துக்குரிய ‘கரா’ என்னும் ஒலி வெறுமையைக் குறிக்கும் வேறோர் எழுத்துக்கும் உண்டு. சொல்லின் சரித்திரம் திரும்பியது இங்கேதான். 1905இல் ஒகினாவா ஆசான் ஹனாஷிரோ சோமோ ‘வெறுங்கை’ என்று எழுதினார். 1936இல் நாஹா நகரில் கூடிய ஆசான்கள் அவ்வடிவத்தையே ஆதரித்தனர்.

சீனப் பெயரை விலக்க விழைந்த அக்காலத் தேசீய உணர்ச்சிக்கும் இதிற் பங்குண்டு என்பது மெய்யே. எனினும் அதனையே முழுக் காரணமாகக் கொள்வது கராத்தே ஆசான் ஃபுனாகோஷி கிச்சினுக்கு அநீதியாகும். ஆயுதமின்மையோடு, அகங்காரமும் துர்எண்ணமும் அகன்ற சித்தத்தையும், பௌத்தம் கூறும் சூன்யத்தையும் அவர் அந்த ஓரெழுத்தில் கண்டார். மார்க்கம் எனப் பொருள்படும் ‘தோ’வையும் இறுதியிற் சேர்த்துக் ‘கராத்தே-தோ’ என்றார்.

அக்கருத்துக்கு இசைய, அவர் மாணாக்கர்க்குக் கற்பித்த ஹெயான் வரிசையின் முதற் கதா, அதாவது முறைப்படுத்திய அசைவுத் தொடர், அடியால் அன்று, தடுப்பால் தொடங்குகிறது: இடப்புறம் திரும்புகையில் இடக்கை தோளருகிலிருந்து கீழ்நோக்கி வீசித் தடுக்க, வலக்கை முஷ்டியாகி உள்ளங்கைப் பக்கம் மேல்நோக்க இடுப்பிற்குத் திரும்புகிறது.