குழுவாக மேற்கொள்ளும் நெடுந்தூர மிதிவண்டிப் பயணம்: உங்கள் உடலுக்கு ஏற்ற வேகத்தைக் காப்பது எப்படி?

மிதிவண்டி ஓட்டுதல் இதயத்திற்கும் நுரையீரலுக்கும் கால் தசைகளுக்கும் சிறந்த பயிற்சியாகும். மூட்டுகளின் மீது உடல் எடை முழுமையாக விழாததால், உடல் எடை மிகுந்தவர்களுக்கும் இது ஏற்றது. உயர் இரத்த அழுத்தமோ நீரிழிவோ உள்ளவர்களும் மருத்துவரின் ஆலோசனையுடன் இதனை மேற்கொள்ளலாம். ஆனால் குழுவாகச் செல்லும்போது, பிறருடைய வேகத்தைத் தம்முடைய வேகமாகக் கொள்வது பலருக்குத் தீங்காக முடிகிறது. வல்லக்கோட்டை, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் முறைப்பணி செய்வோர் விடுமுறை நாளில் இவ்வாறு புறப்படுமுன் அறிய வேண்டியவை இங்கே தரப்பட்டுள்ளன.

வேகம் சற்று கூடினால் என்ன ஆகும்?

சமதளச் சாலையில் மிதிவண்டி ஓட்டுபவர் பெரும்பாலும் காற்றின் தடையை எதிர்த்தே உழைக்கிறார். மணிக்கு 20 கி.மீ. வேகத்தை 30 கி.மீ. ஆக உயர்த்தினால், அத்தடையை வெல்லத் தேவைப்படும் ஆற்றல் மூன்று மடங்கிற்கும் மேலாகிறது. ஆகவே, வேகத்தில் சிறிய உயர்வாகத் தோன்றுவது இதயத்திற்குப் பெருஞ்சுமையாகிறது. முதல் அரை மணி நேரத்தில் உடல் களைப்பை உணர்வதில்லை. அப்போது செலவிட்ட ஆற்றலின் விளைவு திரும்பி வரும் வழியிலேயே தெரியவரும்.

நெடுந்தூரப் பயணத்தின் நோக்கம் விரைவு அன்று. உலகெங்கும், சென்னையிலும் நடைபெறும் ஆடாக்ஸ் முறைப் பயணங்களில் 200 கி.மீ. தூரத்தைக் கடக்க 13 மணி 30 நிமிடங்கள் அளிக்கப்படுகின்றன. ஓய்வு நேரமும் சேர்த்து மணிக்குச் சராசரியாக 15 கி.மீ. வேகமே இதற்குப் போதும். அவை பந்தயங்கள் அல்ல.

உங்களுக்கு ஏற்ற வேகத்தை அறிவது எப்படி?

பேச்சுச் சோதனை எளியது. கருவி எதுவும் தேவையில்லை.
• முழு வாக்கியமாகப் பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை: மிதமான உழைப்பு. பயணத்தின் பெரும்பகுதி இந்நிலையிலேயே அமைய வேண்டும்.
• இரண்டு மூன்று சொற்களுக்கு ஒருமுறை மூச்சு வாங்குகிறது: கடும் உழைப்பு. வேகத்தைக் குறையுங்கள்.
• பேசவே இயலவில்லை: மிகை உழைப்பு. நிறுத்தி ஓய்வெடுங்கள்.

அடினோலால், மெட்டோப்ரோலால் போன்ற மருந்துகள் இதயத் துடிப்பைக் குறைத்து வைக்கும். இவற்றை உட்கொள்பவர்கள் கைக்கடிகாரம் காட்டும் துடிப்பு எண்ணிக்கையை நம்பி வேகத்தைக் கூட்டக்கூடாது. பேச்சுச் சோதனையே இவர்களுக்கு ஏற்ற அளவுகோல்.

குழுவில் கடைப்பிடிக்க வேண்டியவை

• புறப்படுமுன் தூரம், நிறுத்தங்கள், வேகம் ஆகியவற்றை முடிவு செய்யுங்கள். குழுவில் மெதுவாகச் செல்பவரின் வேகமே குழுவின் வேகமாக இருக்கட்டும்.
• அனுபவமுள்ள ஒருவர் இறுதியில் வர வேண்டும். எவரையும் தனியே பின்தங்க விடக்கூடாது.
• தொடக்கத்தில் 15 நிமிடங்கள் மெதுவாக ஓட்டுங்கள்.
• முன்செல்பவருக்கு மிக அருகில் ஓட்டினால் காற்றின் தடை குறையும். ஆனால் மெதுவான வேகத்தில் இப்பயன் சிறிது. மோதும் ஆபத்தோ பெரிது. புதியவர்கள் போதிய இடைவெளி விடுங்கள்.
• ஒரகடம் சாலைகளில் கன்டெய்னர் லாரிகளும் பணியாளர் பேருந்துகளும் மிகுதி. ஒருவர்பின் ஒருவராகச் செல்லுங்கள். தலைக்கவசமும், விடியற்காலையில் விளக்கும் அவசியம்.

யார் முன்னதாக மருத்துவரை அணுக வேண்டும்?

இதய நோய், பக்கவாதம், சிறுநீரக நோய், நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் ஆகியவற்றுள் ஒன்று இருப்பவர்கள். நடக்கும்போது நெஞ்சு இறுக்கமோ மயக்கமோ உணர்ந்தவர்கள். நெருங்கிய உறவினர் இளவயதில் மாரடைப்புக்கு ஆளானவர்கள். பல ஆண்டுகளாக உடற்பயிற்சியின்றி இருந்தவர்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரை அளவையும் பரிசோதித்துக்கொள்ளலாம்.

நீரிழிவு உள்ளவர்கள்

இன்சுலின், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு ஆகியவற்றைப் பயன்படுத்துவோருக்குப் பயணத்தின்போதும், அதன்பின் 24 மணி நேரம் வரையிலும் சர்க்கரை அளவு தாழக்கூடும். புறப்படுமுன் அளவைப் பாருங்கள். 90 மி.கி.க்குக் குறைவாக இருந்தால் முதலில் உணவு உண்ணுங்கள். ஓட்டுமுன் தொடையில் இன்சுலின் செலுத்த வேண்டாம். உழைக்கும் தசைப்பகுதியில் அது விரைவாக உறிஞ்சப்படும். நடுக்கம், வியர்வை, தடுமாற்றம் தோன்றினால் உடனே நிறுத்தி, மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கலந்து அருந்துங்கள். 15 நிமிடங்களுக்குப் பின் மீண்டும் அளவைப் பாருங்கள். மருந்தின் அளவை நீங்களாகவே மாற்றக்கூடாது.

நீர், உணவு, வெயில், உறக்கம்

• தாகத்திற்கேற்பச் சிறிது சிறிதாக நீர் அருந்துங்கள். பல மணி நேரம் வெறும் நீரை மட்டும் மிகுதியாகக் குடிப்பது இரத்தத்தில் உப்பின் அளவைக் குறைக்கும். நெடும்பயணத்தில் உப்புச் சர்க்கரைக் கரைசலும் உடன் இருக்கட்டும். இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் நீரின் அளவை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.
• ஒன்றரை மணி நேரத்திற்கு மேற்பட்ட பயணத்தில் இடையிடையே வாழைப்பழம், கடலை மிட்டாய் போன்றவற்றை உண்ணுங்கள்.
• கோடையில் வெயில் ஏறுமுன் வீடு திரும்புங்கள்.
• இரவுப் பணி முடித்து உறங்காமல் புறப்பட வேண்டாம். உறக்கமின்மை கவனத்தைக் குறைக்கும்.

உடற்தகுதியை வளர்ப்பது எப்படி?

பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. வாரம் முழுவதும் அமர்ந்திருந்துவிட்டு ஒரே நாளில் ஐந்து மணி நேரம் ஓட்ட வேண்டாம். வாரநாள்களில் மூன்று முறை 30 நிமிடங்கள் ஓட்டுங்கள். விடுமுறை நாளின் பயணத்தை ஒரு மணி நேரத்தில் தொடங்கி, வாரந்தோறும் சிறிதளவே கூட்டுங்கள். வீடு திரும்பியபின்னும் பேசிச் சிரிக்கும் தெம்பு எஞ்சியிருப்பின் வேகம் சரியானது.

உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

• நெஞ்சில் வலி, அழுத்தம், இறுக்கம். இடக்கை, தாடை, முதுகுக்குப் பரவும் வலி
• ஓய்வெடுத்தும் தணியாத மூச்சுத்திணறல், குளிர்ந்த வியர்வை
• மயக்கம், ஒழுங்கற்ற படபடப்பு
• வெயிலில் குழப்பமான பேச்சு, மிகுந்த உடற்சூடு

எடுத்துக்காட்டாக, இரத்த அழுத்தத்திற்கு மருந்து உட்கொள்ளும் 48 வயதுடைய ஒருவருக்கு வழியில் மேல்வயிறு எரிகிறது என்று கொள்வோம். குழுவைத் தாமதப்படுத்தக் கூச்சப்பட்டு, வாயுத் தொல்லை என எண்ணி அவர் தொடர்ந்து ஓட்டுகிறார். அது மாரடைப்பாக இருப்பின், இதயத் தசை காக்கப்பட வேண்டிய நேரம் அங்கே வீணாகிறது. நீரிழிவு உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் நெஞ்சு வலி இல்லாமலும் மாரடைப்பு வரலாம். இத்தகைய நிலையில் அமர்ந்து ஓய்வெடுத்து, உடனே 108 ஆம்புலன்சை அழையுங்கள். மிதிவண்டியிலோ இருசக்கர வாகனத்திலோ மருத்துவமனைக்குச் செல்ல முயல வேண்டாம்.

குடும்பத்தினரும் உடன் செல்வோரும்

பயண வழி, திரும்பும் நேரம், உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியல் ஆகியவை வீட்டில் ஒருவரிடமும் குழுவில் ஒருவரிடமும் இருக்க வேண்டும். நிறுத்தங்களில் ஒவ்வொருவரிடமும் பேச்சுக் கொடுங்கள். பதில் தடுமாறினால் பயணத்தை நிறுத்துங்கள். “இன்று என்னால் இயலவில்லை” என்று ஒருவர் தயங்காமல் சொல்லக்கூடிய குழுவே பாதுகாப்பான குழு.

மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம்.