பிச்சி ('வாடிவாசல்' நாயகன்): தாழ்வுணர்ச்சி

வத்தலக்குண்டில் வளர்ந்த சி. சு. செல்லப்பா (1912–1998) எழுதிய 'வாடிவாசல்' குறுநாவலின் இளம் நாயகன் பிச்சி. ஊர், உசிலம்பட்டிச் சீமையை நினைவூட்டும் உசிலனூர். பேர்பெற்ற மாடுபிடி வீரரான தகப்பன் அம்புலி, ஜமீன்தாரின் 'காரி' காளையிடம் குத்துப்பட்டு, தோற்ற குறை தீராமலேயே இறந்துபோகிறார். அந்தக் குறையை மகன் சுமக்கிறான்.

தாழ்வுணர்ச்சியை ஒரு நோயாக மட்டும் உளவியலாளர் ஆல்ஃப்ரெட் ஆட்லர் (1870–1937) பார்க்கவில்லை. முயற்சியைத் தூண்டும் விசையும் அதுவே என்றார். பிச்சிக்கு இது பொருந்தும், ஒரு திருத்தத்தோடு. அவன் தன் திறமையைச் சந்தேகிப்பவன் இல்லை. அவனை அரிப்பது வம்சத்துக்கு நேர்ந்த இழுக்கு. ஆட்லர் தனிமனிதனிடம் கண்டதைச் செல்லப்பா குடும்பத்தின் கணக்கில் எழுதுகிறார். அதனால்தான் பிச்சி வாய்வீச்சு வீசுவதில்லை. மச்சான் மருதனோடு வாடிவாசலருகே நின்று, பக்கத்தில் நிற்கும் கிழவனிடம் அடக்கமாகவே பேச்சுக் கொடுக்கிறான். மனத்துக்குள் நீளமாக நுழையாமல், பேச்சையும் கையசைவையும் வைத்தே அவனுடைய பதற்றத்தை ஆசிரியர் காட்டிவிடுவது பெரிய சாமர்த்தியம்.

தாழ்வுணர்ச்சி முற்றிச் சிக்கலாகும் என்று ஆட்லர் சொன்ன நிலையைக் காண வேண்டுமானால் ஜமீன்தாரைத்தான் பார்க்க வேண்டும். அவருடைய கௌரவம் முழுவதும் காளையின் திமிலில் இருக்கிறது. காரி பிச்சியால் அடக்கப்பட்டபின் வெறிகொண்டு ஆற்றுப்பக்கம் ஓட, அதை அவரே சுட்டுக் கொல்கிறார்.

நாவல் நூலாக வந்தது 1959இல்; அதே ஆண்டில்தான் செல்லப்பா 'எழுத்து' இதழையும் தொடங்கினார். என். கல்யாண்ராமனின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2013இல் வெளியானது.