ஆறு ஒன்று, துறைகள் பல: ஜொகூர் மாணவர்களுக்கு இயற்கை வள மேலாண்மை முதுகலைப் படிப்பு

ஜொகூர் பாரு - 2019 மார்ச் மாதம் பாசீர் கூடாங், கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட ரசாயனக் கழிவிலிருந்து நச்சு வாயு பரவியது. ஆயிரக்கணக்கானோர் மருத்துவ உதவி நாடினர். மார்ச் 13ஆம் தேதி அவ்வட்டாரத்தின் 111 பள்ளிகளும் மூடப்பட்டன.

அந்த ஆற்றுக்குப் பொறுப்பு யார் என்ற கேள்விக்கு ஒரே பதில் இல்லை. மலேசிய அரசியலமைப்பின்படி நிலம், காடு, ஆறு ஆகியவை பெரும்பாலும் மாநில அரசின் அதிகாரத்தில் வருகின்றன. தொழிற்சாலைக் கழிவைக் கண்காணிப்பது 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் இயங்கும் கூட்டரசு சுற்றுச்சூழல் துறை. வணிக உரிமம் வழங்குவது ஊராட்சி மன்றம். ஒவ்வொரு துறையும் தன் எல்லைக்குள் மட்டும் பார்த்தால், நடுவில் விடுபடுவது ஆறுதான். இந்த இடைவெளியை நிரப்பத் தெரிந்தவர்களை உருவாக்குவதே ஒருங்கிணைந்த இயற்கை வள மேலாண்மைப் படிப்பின் நோக்கம்.

என்ன படிப்பு இது?

நீர், நிலம், காடு, கடலோரம், அவற்றை நம்பி வாழும் மக்கள் ஆகிய அனைத்தையும் ஒரே அமைப்பாகப் பார்ப்பது இதன் அடிப்படை. 1992இல் டப்ளின் மாநாடும் ரியோ டி ஜெனிரோ பூமி மாநாடும் இந்த அணுகுமுறையை உலக அரங்கில் வலியுறுத்தின. நீர்வள மேலாண்மையை எல்லா நிலைகளிலும் ஒருங்கிணைக்க வேண்டும் என்பது ஐ.நா.வின் 2030 நிலைத்தன்மை இலக்குகளிலும் இடம்பெற்றுள்ளது.

நீரியல், மண்ணியல், சூழலியல், செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு நிலத்தை ஆராயும் முறை, சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீடு, சட்டம், வளப் பொருளாதாரம் ஆகியவை இத்துறையின் முக்கியப் பாடங்கள். அறிவியல் பட்டதாரிகள் மட்டுமின்றி புவியியல், பொருளாதாரம், சட்டம் படித்தவர்களுக்கும் இதில் இடமுண்டு.

ஜொகூரே பாடநூல்

1962ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி, சிங்கப்பூர் ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 250 மில்லியன் கேலன் வரை நீர் எடுக்கலாம். இதற்கு 1,000 கேலனுக்கு 3 சென் கட்டணம் செலுத்துகிறது. இந்த ஒப்பந்தம் 2061 வரை நீடிக்கும். அதே ஆற்றை நம்பி ஜொகூர் மக்களும் வாழ்கின்றனர். ஆற்றின் நீரோட்டத்துக்குத் துணைநிற்கும் லிங்கியூ நீர்த்தேக்கத்தின் கொள்ளளவு 2016 அக்டோபரில் 20 விழுக்காட்டிற்குச் சரிந்தது. 2019 ஏப்ரலில் ஆற்றில் அம்மோனியா அளவு கூடியதால் சுத்திகரிப்பு ஆலைகள் நிறுத்தப்பட்டு, ஜொகூரில் பல வீடுகளுக்குத் தண்ணீர் தடைபட்டது. மழை குறைவது, மேல்பகுதியில் நிலம் பயன்படுத்தப்படும் விதம், அண்டை நாட்டு ஒப்பந்தம் ஆகிய மூன்றும் வீட்டுக் குழாயில் வந்து சேரும் கதை இது.

தென்மேற்குக் கடலோரத்தில் பூலாவ் கூக்குப், தஞ்சோங் பியாய், சுங்கை பூலாய் ஆகிய சதுப்புநிலக் காடுகள் 2003 ஜனவரியில் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. மீனவர்களின் பிழைப்பு, கடலரிப்புத் தடுப்பு, துறைமுக வளர்ச்சி ஆகியவை அங்கே ஒன்றோடொன்று மோதுகின்றன.

செம்பனை ஆலைகளும் ஒரு பாடம். ஆலைக் கழிவுநீரில் கரிமக் கழிவின் அளவைக் காட்டும் உயிர்வேதி ஆக்சிஜன் தேவைக்கு 1978இல் லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் என இருந்த வரம்பு, படிப்படியாகக் குறைக்கப்பட்டு 1984இல் 100 ஆனது. கால அவகாசம் தந்து கட்டுப்பாட்டை இறுக்கினால் தொழிலையும் ஆற்றையும் சேர்த்தே காக்கலாம் என்பதற்கு இது நல்ல சான்று.

எங்கே படிக்கலாம்?

பட்டத்தின் பெயர் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறுபடும். எனவே பெயரை மட்டும் தேடாமல் துறையைத் தேடுவது நல்லது. ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் நீர்வளப் பொறியியல், புவித்தகவலியல் ஆகிய துறைகளில் பெயர் பெற்றது. பத்து பகாட், பாரிட் ராஜாவைத் தலைமை வளாகமாகக் கொண்ட துன் உசேன் ஓன் பல்கலைக்கழகத்துக்குப் பாகோவிலும் வளாகம் உண்டு. காடு சார்ந்த படிப்புக்குச் செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகத்தைப் பார்க்கலாம். வெளிநாட்டில், பெர்லின் ஹம்போல்ட் பல்கலைக்கழகம் இதே பெயரில் முதுகலைப் பட்டம் வழங்குகிறது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் நீர்வள மையமும் குறிப்பிடத்தக்கது.

தகுதி என்ன?

மலேசியாவில் முதுகலைப் படிப்பு பாடவழி, ஆய்வுவழி, இரண்டும் கலந்த வழி என மூன்று வகைப்படும். பொதுவாக இளங்கலையில் சி.ஜி.பி.ஏ. 2.50 எதிர்பார்க்கப்படுகிறது. 2.00க்கு மேல் 2.50க்குள் பெற்றவர்களைக் கூடுதல் மதிப்பீட்டுக்குப் பின் சேர்த்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. இளங்கலைப் பட்டம் இல்லாவிட்டாலும், எஸ்.டி.பி.எம். அல்லது டிப்ளோமாவோடு தகுந்த பணி அனுபவம் கொண்ட 30 வயதைக் கடந்தோர் ‘ஏபெல்’ மதிப்பீட்டின் வழி விண்ணப்பிக்கலாம். தோட்டத்திலோ ஆலையிலோ நீர் நிறுவனத்திலோ நீண்ட காலம் பணியாற்றியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

விண்ணப்பிக்கும் முன் மூன்றைச் சரிபார்ப்பது அவசியம். பட்டம் மலேசியத் தகுதி நிர்ணய நிறுவனத்தின் பதிவேட்டில் உள்ளதா? களப்பணி எத்தனை வாரம்? ஆய்வுவழி என்றால், மேற்பார்வையாளர் எந்த ஆற்றில், எந்தக் காட்டில் ஆய்வு செய்திருக்கிறார்?

வேலை வாய்ப்பு

சுற்றுச்சூழல் துறை, வடிகால் நீர்ப்பாசனத் துறை, வனத்துறை, நீர் விநியோக நிறுவனங்கள், பாதிப்பு மதிப்பீட்டு ஆலோசனை நிறுவனங்கள் ஆகியவை முக்கிய வாய்ப்புகள். 2020 முதல் செம்பனைத் துறைக்கு எம்.எஸ்.பி.ஓ. சான்றிதழ் கட்டாயமானதால் தோட்ட நிறுவனங்களுக்கும் இத்துறை அறிந்தவர்கள் தேவை. 2024 சட்டத் திருத்தம் சுற்றுச்சூழல் குற்றங்களுக்கான உச்ச அபராதத்தை 10 மில்லியன் ரிங்கிட்டாக உயர்த்தியதால், தொழிற்சாலைகளும் இனி இதை அலட்சியம் செய்ய முடியாது.

கூலாய், குளுவாங், சிகாமாட், கோத்தா திங்கி தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த இந்தியக் குடும்பங்களுக்கு அந்த நிலமும் ஓடையும் மழையும் நன்கு தெரியும். அந்த அனுபவத்தோடு பட்டமும் சேர்ந்தால், நிலமும் நீரும் குறித்து முடிவெடுக்கும் கூட்டங்களில் அக்குடும்பங்களின் பிள்ளைகளும் அமர முடியும். நீர் ஒப்பந்தம் முடியும் 2061இல், இன்று பட்டப்படிப்பில் இருக்கும் மாணவர் அறுபது வயதை நெருங்கியிருப்பார். அடுத்த ஒப்பந்தத்தைப் பேசப்போவது அவருடைய தலைமுறைதான்.