ஆலும் அரசும் நின்ற சாலைகள்

நெடுஞ்சாலைத் துறையில் சாலை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தாரும் ஜல்லியும் சில ஆண்டில் தேய்ந்துவிடும். சாலையின் உண்மையான வரலாறு ஓரத்து மரங்களில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். அவற்றிலும் ஆல், அரசு, அத்தி, இத்தி என்ற ஒரே குடும்பத்து மரங்களில்.

வழிநெடுக ஆல் வைப்பது 2,200 ஆண்டுக்கும் மேற்பட்ட வழக்கம். மனிதர்க்கும் விலங்குக்கும் நிழலாக ஆலமரம் நட்டதை அசோகர் தம் ஏழாம் தூண் கல்வெட்டில் பொறித்திருக்கிறார். அந்தத் தூண் இன்று தில்லியில் நிற்கிறது. நம் பக்கம் 1689 முதல் மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலை போட்டு, சத்திரம் கட்டி, மரமும் வைத்தார். தென்மாவட்டங்களில் மங்கம்மாள் சாலை என்ற பெயர் இன்னும் புழங்குகிறது.

ஆலின் விதை பறவை எச்சத்தில் விழுந்து பனையிலும் கோபுரத்திலும் முளைக்கும். சாலையோரத்தில் கன்றாகத் தலைகாட்டினாலோ ஆடு விடாது. அதனால் போத்து நட்டார்கள். ஆள் உயரத்துக்கு மேல் கிளையை வெட்டி, மழை தொடங்கும்போது ஊன்றி, மேல் வெட்டுவாய் காயாமல் சாணியை அப்புவார்கள். துளிர் ஆட்டுக்கு எட்டாது. என்னோடு வேலை பார்த்த மூத்த சாலைப் பணியாளர்களுக்கு இது தகப்பன் வழி வந்த அறிவு. அந்த நிழலில்தான் சுமைதாங்கிக் கல்லும் நின்றது. பிள்ளையை வயிற்றில் சுமந்தபடி இறந்துபோன பெண்ணின் நினைவாக, வழிப்போக்கர் சுமை இறக்க நட்ட கல் அது.

அரசு விழுது விட்டுப் பரவாது. நீண்ட காம்பில் தொங்கும் இலை சிறு காற்றுக்கும் சலசலக்கும். குளக்கரையும் பிள்ளையார் மேடையும் அதற்கு ஏற்ற இடங்கள். கட்டடத்துக்கு மட்டும் ஆகாது. சிறுபாலத்தின் கல் இடுக்கில் முளைத்தால் கட்டுமானத்தையே பிளந்துவிடும். மழைக்காலம் முடிந்ததும் அரசங்கன்றுகளை வேரோடு களைவது எங்கள் வேலைகளில் ஒன்று.

அத்தி ஈரம் தேடும் மரம், ஓடைக்கரையில் செழிக்கும். அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய்க்கும். 40 ஆண்டுக்கு ஒருமுறை குளத்திலிருந்து எழுந்தருளும் காஞ்சிபுரம் அத்திவரதர் அத்தி மரத்தில் செய்த திருமேனி. 1979க்குப் பிறகு 2019இல் 48 நாள் காட்சி தந்தார். இத்தியோ பாறையைக் கவ்வி வளரும். குறுந்தொகைப் புலவரே அதன் வெள்ளை வேரைக் கவனித்திருக்கிறார்.

நான்குக்கும் பூ காய்க்கு உள்ளே. ஒவ்வொன்றுக்கும் உரிய சிறு குளவி நுழைந்துதான் மகரந்தம் சேர்க்கும். குளவி அற்றுப்போகாதிருக்க ஆண்டு முழுவதும் எங்காவது ஒரு மரம் காய்த்தாக வேண்டும். மற்ற மரங்கள் வெறுங்கிளையாக நிற்கும் மாதங்களிலும் மைனாவும் குயிலும் வௌவாலும் பசியாறுவது இதனால்தான்.

நான்குவழிச் சாலைகள் வந்தபோது இந்த மரங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. சாலை நடுத்திட்டில் அரளி வைத்தோம். அரளி பூக்கும், அதனடியில் ஒருவர் ஒதுங்க முடியாது. அகலமான சாலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆலை வெட்டித்தான் ஆகவேண்டுமென்றால் அதன் கிளைகளை விறகுக்கு ஏலம் விடாதீர்கள். அவை அத்தனையும் போத்துகள். மழை பார்த்துப் புதிய சாலையின் எல்லைக் கல்லை ஒட்டி ஊன்றும் வேலையை ஒப்பந்தத்திலேயே எழுதிச் சேர்க்க வேண்டும்.