தொலைவுக்கு ஏற்ற பேச்சு

சென்னையை ஒட்டிய வேலப்பன்சாவடி வழியாக மேற்கே போகும் பூந்தமல்லி நெடுஞ்சாலை பெங்களூருக்குப் போய்ச் சேர்கிறது. அந்த நகரையும் தாண்டினால் பையலாலு. 2008 அக்டோபரில், சந்திரயான்-1 நிலவுக்குக் கிளம்பச் சில நாள் இருக்கையில், 32 மீட்டர் விட்டமுள்ள டிஷ் ஆன்டெனா அங்கே செயல்பாட்டுக்கு வந்தது. ஆழ்விண்வெளிக் கலங்களோடு பேச இந்தியா பழகியது அதை வைத்துத்தான்.

தூரம் இரண்டு மடங்கானால் சிக்னலின் வலு நான்கில் ஒரு பங்காகிவிடும். செவ்வாய் நமக்கு மிக அருகில் வரும்போது சுமார் 5.5 கோடி கிலோமீட்டர். சூரியனுக்கு அந்தப் பக்கம் போய்விட்டால் ஏறத்தாழ 40 கோடி. ஏழு மடங்கு தூரம், ஐம்பதில் ஒரு பங்கு வலு! அப்போதும் பழைய வேகத்திலேயே தரவை அனுப்பினால் எல்லாம் இரைச்சலில் கரைந்துபோகும். காது மந்தமானவரிடம் நிறுத்தி நிதானமாகப் பேசுவதுபோல, ஒவ்வொரு பிட்டுக்கும் கூடுதல் நேரம் தர வேண்டும்.

இதில் உலகுக்குப் பாடம் நடத்தியது நாசாவின் கலிலியோ. 1991 ஏப்ரலில், வியாழனுக்குப் போகும் வழியில், அதன் பெரிய ஆன்டெனா விரியாமல் சிக்கிக்கொண்டது. நொடிக்கு 1,34,000 பிட் அனுப்ப வேண்டிய கலத்திடம் மிஞ்சியது சிறிய ஆன்டெனா மட்டும். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு வேகம்கூடக் கிடைக்காது. பொறியாளர்கள் விடவில்லை. பறந்துகொண்டிருந்த கலத்துக்கே புதிய மென்பொருளை ஏற்றினார்கள். படங்களை அங்கேயே சுருக்க வைத்தார்கள். பூமியில் பல டிஷ்களைக் கூட்டுச் சேர்த்துக் கேட்டார்கள். வேகம் 160 பிட் வரை ஏறியது. வியாழனின் நிலவான யூரோப்பாவின் விரிசல் விட்ட பனிப்பரப்பு அந்த மெல்லிய இழை வழியாகத்தான் நமக்கு வந்து சேர்ந்தது. இதற்கு இணையான மீட்பைக் காண்பது அரிது.

2013 நவம்பர் 5இல் செவ்வாய்க்குப் புறப்பட்ட இந்தியாவின் மங்கள்யானின் திட்ட இயக்குநர் திருநெல்வேலி மாவட்டத்துக்காரரான சு. அருணன். கலத்தில் மூன்று வகை ஆன்டெனாக்கள் இருந்தன: பூமிக்கு அருகே சிறியது, தொலைவு கூடக்கூடப் பெரியது. பெரியதன் விட்டம் 2.2 மீட்டர். 2014 செப்டம்பர் 24 காலை செவ்வாயின் சுற்றுப்பாதையில் நுழைந்தபோது சிக்னல் வந்து சேரவே 12 நிமிடத்துக்கு மேல் ஆனது; நடுவில் கலம் செவ்வாய்க்குப் பின்னால் மறைந்தும்போனது. சுற்றுப்பாதையில் நுழைவதற்கான கட்டளைகளைப் பல நாள் முன்பே ஏற்றி வைத்திருந்தார்கள். 2015 ஜூனில் சூரியனே குறுக்கே வந்து தொடர்பு அறுந்தது. அந்த நாட்களில் கலம் தன்னைத் தானே பார்த்துக்கொண்டது.

விழுப்புரத்துக்காரர் ப. வீரமுத்துவேல் தலைமையிலான சந்திரயான்-3க்குப் பூமியோடு பேச இன்னொரு வழியும் இருந்தது. 2019இலிருந்து நிலவைச் சுற்றிவரும் சந்திரயான்-2இன் ஆர்பிட்டர், 2023 ஆகஸ்டில், தரையிறங்கும் முன்பே சந்திரயான்-3இன் விக்ரம் லேண்டரோடு இருவழித் தொடர்பை ஏற்படுத்திக்கொண்டது. லேண்டரால் பையலாலுவோடு நேராகவும் பேச முடிந்தது, ஆர்பிட்டர் வழியாகவும் பேச முடிந்தது.