மோட்டார் சைக்கிள் நெடும்பயணம்

மோட்டார் சைக்கிள் நெடும்பயணம் என்பது, பயணத்தையே முதன்மை நோக்கமாகக் கொண்டு, மோட்டார் சைக்கிளில் (விசையுந்தில்) ஒரு நாளோ பல நாட்களோ தொலைதூரம் செல்வதைக் குறிக்கும். ஓரிடத்தை விரைந்து அடைவது இதன் நோக்கமன்று. கடற்கரை, மலை, காடு, வயல்வெளி, வரலாற்றுச் சின்னங்கள் ஆகியவற்றை ஒட்டிச் செல்லும் சாலைகளைத் தெரிந்தெடுத்து, இடையிடையே தங்கிச் செல்வது வழக்கம். மோட்டார் சைக்கிள் பந்தயமும் இதுவும் வெவ்வேறானவை.

இத்தகைய பயணத்தில் ஓட்டுநருக்குச் சுற்றுக்கூடு, இருக்கைப் பட்டி போன்ற காப்புகள் இல்லை. வெயில், மழை, காற்று, களைப்பு அனைத்தும் நேரடியாக அவர் உடலைத் தாக்குகின்றன. எனவே பயணத் திட்டத்தைத் தொலைவைக் கொண்டு மட்டும் வகுக்காமல், பகல் வெளிச்சம் உள்ள நேரத்தையும் ஓட்டுநரின் உடல் தாங்கும் அளவையும் கொண்டு வகுப்பது இன்றியமையாததாகும். இக்கட்டுரை அத்திட்டமிடலை விளக்குகிறது. எடுத்துக்காட்டாகப் புதுக்கோட்டை மாவட்டம் அரிமளத்திலிருந்து தனுஷ்கோடி வரையிலான வழி கொடுக்கப்பட்டுள்ளது.

வரலாறு

கோட்லீப் டைம்லரும் வில்லெம் மேபக்கும் 1885 இல் செருமனியில் பெட்ரோலில் இயங்கும் இருசக்கர வண்டியை உருவாக்கினர். அமெரிக்கரான கார்ல் ஸ்டெர்ன்ஸ் கிளான்சி 1912-1913 இல் மோட்டார் சைக்கிளில் உலகைச் சுற்றி வந்தார். அப்பயணத்தில் அவர் இலங்கையிலும் வண்டி ஓட்டினார். 1932-1933 இல் ராபர்ட் எடிசன் ஃபுல்டனும், 1973 முதல் 1977 வரை டெட் சைமனும் மேற்கொண்ட உலகப் பயணங்கள் இந்தியா வழியாகவும் சென்றன. அர்ஜென்டினாவைச் சேர்ந்த சே குவேரா தம் நண்பர் அல்பெர்டோ கிரனாடோவுடன் 1952 இல் நார்டன் வண்டியில் தொடங்கிய தென் அமெரிக்கப் பயணம் பரவலாக அறியப்பட்டதாகும். அவ்வண்டி வழியிலேயே பழுதடைந்தது; எஞ்சிய பயணத்தை அவர்கள் பிற ஊர்திகளில் தொடர்ந்தனர்.

இந்தியாவில் 1955 இல் சென்னையில் தொடங்கப்பட்ட என்ஃபீல்டு இந்தியா நிறுவனம், பிரித்தானிய உரிமத்தின் கீழ் புல்லட் வண்டிகளைத் தயாரித்தது. பிரித்தானியாவில் தாய் நிறுவனம் மூடப்பட்ட பின்னரும் சென்னையில் உற்பத்தி தொடர்ந்தது. மைசூரில் தயாரான ஜாவா, எஸ்டி வண்டிகளும் நெடும்பயணத்தினர் விரும்பியவை. 1980களின் நடுப்பகுதியில் சப்பானியக் கூட்டுறவுடன் வந்த 100 சிசி வண்டிகள், குறைந்த எரிபொருளில் நெடுந்தூரம் செல்லும் வசதியை நடுத்தர மக்களுக்கும் அளித்தன. தமிழ்நாட்டில் இப்பயணங்கள் மீது அண்மைக்காலத்தில் எழுந்த ஆர்வத்திற்கு நடிகர் அஜித் குமாரின் பயணங்களும் ஒரு காரணமாகும். அவர் 2023 இல் ஏகே மோட்டோ ரைடு என்னும் மோட்டார் சைக்கிள் சுற்றுலா நிறுவனத்தை அறிவித்தார்.

வழியைத் தேர்ந்தெடுத்தல்

தமிழ்நாட்டில் நெடும்பயணத்தினர் பெரிதும் நாடும் சாலைகள் இரு வகைப்படும்.

* கடற்கரைச் சாலைகள்: சென்னையிலிருந்து தெற்கே செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலை, பாம்பன் பாலம், தனுஷ்கோடிச் சாலை முதலியன. இவை பெரும்பாலும் சமதளமானவை. பக்கக் காற்றும் சாலையில் படியும் மணலும் இவற்றின் இடர்கள்.
* மலைச் சாலைகள்: 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலை, 40 வளைவுகள் கொண்ட ஆழியாறு - வால்பாறைச் சாலை, 27 வளைவுகள் கொண்ட திம்பம் சாலை முதலியன. இவற்றில் மூடுபனி, ஈரம், எதிரே வரும் பேருந்துகள், வனவிலங்குகள் ஆகியவற்றைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

வரைபடத்தில் திறந்திருப்பதாகக் காணப்படும் சாலை எல்லா நேரத்திலும் திறந்திருக்கும் எனக் கொள்ள இயலாது. சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தின் ஊடே செல்லும் திம்பம் சாலையில் 2022 பிப்ரவரியில் இரவுப் போக்குவரத்துத் தடை நடைமுறைக்கு வந்தது. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வெளியூர் வாகனங்களுக்கு, சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை கொண்டுவரப்பட்டது. எனவே காட்டுப்பகுதி, மலைப்பகுதி வழிகளில் நடப்பிலுள்ள கட்டுப்பாடுகளைப் புறப்படும் முன்னரே அறிந்து கொள்ள வேண்டும்.

பருவகாலம்

கீழைக் கடற்கரை மாவட்டங்களுக்குச் சனவரியும் பிப்ரவரியும் ஏற்ற மாதங்கள். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் கடுமையாக இருப்பதால் முற்பகல் 11 மணிக்குள் பெரும்பகுதித் தொலைவைக் கடப்பது நல்லது. ஆடி மாதக் காற்று கடற்கரையில் வலிமையாக வீசும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். தரைப்பாலங்களில் வெள்ளம் செல்வதுண்டு. நீரின் ஆழமும் அடியிலுள்ள சாலையின் நிலையும் தெரியாமல் அதில் வண்டியை இறக்கக் கூடாது. 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல், புதுக்கோட்டை மாவட்டத்தின் பல சாலைகளை விழுந்த மரங்களால் மூடியது. புயல் எச்சரிக்கை உள்ள நாட்களில் பயணத்தைத் தள்ளிப் போடுவதே முறையாகும்.

திருவிழாக்களும் கணக்கில் கொள்ளத்தக்கவை. தைப்பூசத்தை ஒட்டிக் காரைக்குடிப் பகுதியிலிருந்து பழனிக்குப் பாதயாத்திரை செல்வோர், அதிகாலை இருளிலும் சாலையோரம் நடந்து செல்வர். ஆடி, தை அமாவாசை நாட்களில் இராமேசுவரத்தில் பெருங்கூட்டம் இருக்கும்.

நேரக் கணக்கு

திட்டமிடலில் பலரும் தவறுவது இதில்தான். வண்டியின் வேகமானியில் 70 அல்லது 80 கி.மீ. காட்டினாலும், ஊர்கள், வேகத்தடைகள், கால்நடைகள், சாலையில் உலர்த்தப்படும் நெல் ஆகியவற்றால் இருவழிச் சாலைகளில் சராசரி வேகம் மணிக்கு ஏறத்தாழ 40 கி.மீ. அளவிலேயே அமையும். மலைச் சாலைகளில் அது 25 கி.மீ. அளவுக்குக் குறையலாம். பின்வரும் முறையில் கணக்கிடலாம்:

* மொத்தத் தொலைவைச் சராசரி வேகத்தால் வகுத்து ஓட்டும் நேரத்தைக் காண வேண்டும்.
* ஒரு மணி அல்லது ஒன்றேகால் மணி நேரத்திற்கு ஒரு முறை 15 நிமிட ஓய்வைச் சேர்க்க வேண்டும்.
* உணவு, இடங்களைப் பார்வையிடுதல், எரிபொருள் நிரப்புதல் ஆகியவற்றைத் தனியே சேர்க்க வேண்டும்.
* பஞ்சர் போன்ற தடைகளுக்காக ஒரு மணி நேரத்தை ஒதுக்க வேண்டும்.
* இவ்வனைத்தும் கதிரவன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே முடிய வேண்டும். முடியாதெனில் தங்கும் இடத்தை அருகில் மாற்ற வேண்டும். வேகத்தைக் கூட்டக் கூடாது.

களைப்பின் தீமையை எளிய கணக்கால் அறியலாம். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் செல்கிறது. மூன்று நொடி கண் அயர்ந்தால் வண்டி 50 மீட்டர் தொலைவை ஓட்டுநரின் கட்டுப்பாடின்றிக் கடந்துவிடும். கொட்டாவி, கழுத்து வலி, கடந்து வந்த ஊரின் பெயர் நினைவில் இல்லாமை ஆகியன களைப்பின் அறிகுறிகள். தேநீர் இதனைச் சற்றே தள்ளிப் போடும், தூக்கமே தீர்வாகும்.

எடுத்துக்காட்டு: அரிமளம் முதல் தனுஷ்கோடி வரை

அரிமளம், புதுக்கோட்டை மாவட்டத்தின் திருமயம் வட்டத்தில் உள்ள பேரூராட்சி ஆகும். புதுக்கோட்டையிலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவில் உள்ளது. மனோன்மணியம் நாடகத்தை இயற்றிய பெ. சுந்தரம் பிள்ளையின் ஞானாசிரியரான கோடகநல்லூர் சுந்தர சுவாமிகளின் அதிட்டானம் இங்குள்ளது. கண்மாய்களும் தைல மரத் தோப்புகளும் சூழ்ந்த இவ்வூரிலிருந்து கடற்கரைச் சாலையை எளிதில் அடையலாம். வழியின் கட்டங்கள் வருமாறு (தொலைவுகள் தோராயமானவை):

* அரிமளம் - அறந்தாங்கி: 25 கி.மீ.
* அறந்தாங்கி - ஆவுடையார்கோயில்: 14 கி.மீ. மாணிக்கவாசகருடன் தொடர்புடைய திருப்பெருந்துறை இதுவே. கல்லால் ஆன கொடுங்கைகளுக்கும் சிற்பங்களுக்கும் இக்கோயில் புகழ் பெற்றது.
* ஆவுடையார்கோயில் - மீமிசல்: 25 கி.மீ. இங்கு கிழக்குக் கடற்கரைச் சாலை வந்து சேர்கிறது.
* மீமிசல் - தொண்டி: 25 கி.மீ.
* தொண்டி - தேவிபட்டினம் - இராமநாதபுரம்: 50 கி.மீ. தேவிபட்டினத்தில் கடலுக்குள் நவபாசாணம் உள்ளது.
* இராமநாதபுரம் - பாம்பன் - இராமேசுவரம்: 55 கி.மீ.
* இராமேசுவரம் - தனுஷ்கோடி அரிச்சல்முனை: 20 கி.மீ.

மொத்தம் ஏறத்தாழ 215 கி.மீ. மணிக்கு 40 கி.மீ. சராசரியில் ஓட்டும் நேரம் ஐந்தரை மணி. நான்கு ஓய்வுகளுக்கு ஒரு மணி, ஆவுடையார்கோயிலில் ஒரு மணி, உணவுக்கு முக்கால் மணி, தடைகளுக்கு ஒரு மணி எனச் சேர்த்தால் ஒன்பதேகால் மணி ஆகிறது. காலை 6 மணிக்குப் புறப்படுபவர் பிற்பகல் 3.15 மணி அளவில் அரிச்சல்முனையை அடைவார். மாலைக்குப் பின் அப்பகுதியில் தங்க அனுமதி இல்லாததால் இந்நேரம் பொருத்தமானது.

அன்றே திரும்ப எண்ணினால் மொத்தத் தொலைவு 400 கி.மீ. அளவாகிவிடும், திரும்பும் வழியின் ஒரு பகுதி இருளில் அமையும். எனவே இராமேசுவரத்தில் இரவு தங்கி, மறுநாள் இராமநாதபுரம், தேவகோட்டை, காரைக்குடி, திருமயம் வழியாக ஏறத்தாழ 170 கி.மீ. சென்று அரிமளம் திரும்புவது ஏற்றதாகும். கிழவன் சேதுபதி காலத்தில் 1687 இல் கட்டப்பட்ட திருமயம் கோட்டையும், குன்றைக் குடைந்து அமைக்கப்பட்ட சிவன், திருமால் கோயில்களும் இவ்வழியில் காணத்தக்கவை.

1988 அக்டோபர் 2 அன்று திறக்கப்பட்ட பாம்பன் சாலைப் பாலத்தின் நீளம் 2 கி.மீ.க்கு மேற்பட்டது. பாலத்தின் மேல் பக்கக் காற்று வண்டியைத் தள்ளும். வேகத்தைக் குறைத்து, கைப்பிடியை இறுக்கிப் பிடிக்காமல் சீராகச் செல்ல வேண்டும். காட்சியைக் காணப் பாலத்தின் நடுவே வண்டியை நிறுத்துவது ஆபத்தானது. 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடிக்கு 2017 இல்தான் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை அமைந்தது. இச்சாலையில் காற்று கொண்டுவரும் மணல் படிவதால் முன்பிரேக்கைத் திடீரெனப் பிடித்தால் சக்கரம் வழுக்கும். இராமேசுவரத்திலேயே பெட்ரோல் நிரப்பிக் கொள்வது நல்லது.

வண்டியும் உடைமைகளும்

நெடும்பயணத்திற்குப் பெரிய வண்டி தேவை என்பது பொதுவான எண்ணம். நன்கு பராமரிக்கப்பட்ட 100 அல்லது 125 சிசி வண்டியிலும் நெடும்பயணம் செல்ல இயலும். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே டயர், பிரேக், செயின், விளக்குகள், எஞ்சின் எண்ணெய், மின்கலம் ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும். முந்தைய நாளில் புதிய பாகம் பொருத்தினால் அதன் குறையை வழியில்தான் அறிய நேரும். டயரின் காற்றழுத்தம் சூடேறுவதற்கு முன் அளக்கப்பட வேண்டும்.

எடுத்துச் செல்ல வேண்டியவை: பஞ்சர் ஒட்டும் கருவிகள், சிறு காற்றடிப்பான், மாற்றுக் கிளட்ச் கம்பி, ஸ்பார்க் பிளக், அடிப்படைக் கருவிகள், முதலுதவிப் பெட்டி, மழை உடை, குடிநீர். சுமையின் கனமான பகுதி தாழ்வாகவும் வண்டியின் நடுப்பகுதியை ஒட்டியும் இருக்க வேண்டும். பெட்ரோல் கலம் பாதியாகும்போதே நிரப்புவது நல்ல பழக்கம்.

சட்டமும் ஆவணங்களும்

1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 129 இன்படி ஓட்டுநரும் பின்னிருக்கையில் அமர்பவரும் தலைக்கவசம் அணிதல் கட்டாயம். ஓட்டுநர் உரிமம், பதிவுச் சான்று, காப்பீடு, மாசுக் கட்டுப்பாட்டுச் சான்று ஆகியவை தேவை. டிஜிலாக்கர், எம்பரிவாகன் செயலிகளில் உள்ள மின்னணு ஆவணங்களும் ஏற்கப்படுகின்றன. தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் இருசக்கர வாகனங்களுக்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை.

பாதுகாப்பு

நடுவண் அரசின் அறிக்கைப்படி 2022 இல் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தனர். அவர்களுள் 74,897 பேர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். தலைக்கவசம் அணியாமல் இறந்தோர் 50,029 பேர். இவர்களில் 14,337 பேர் பின்னிருக்கையில் இருந்தவர்கள். அதே ஆண்டில் தமிழ்நாட்டில் 17,884 பேர் சாலை விபத்துகளில் இறந்தனர். தலைக்கவசம் இறப்பு வாய்ப்பை ஏறத்தாழ 42 விழுக்காடும் தலைக்காய வாய்ப்பை 69 விழுக்காடும் குறைப்பதாக ஆய்வுகளின் தொகுப்பாய்வு ஒன்று காட்டியுள்ளது. ஐஎஸ்ஐ முத்திரை பெற்ற, முகம் முழுவதும் மூடும் கவசத்தை அணிந்து, தாடைப் பட்டையை மாட்டிக் கொண்டால்தான் அது முழுப் பயன் தரும்.

குழுவாகச் செல்வோர், ஒருவர் பின் ஒருவராக இடமும் வலமும் சற்று விலகிய வரிசையில் செல்வர். அனுபவம் குறைந்தவரின் வேகமே குழுவின் வேகமாக இருக்க வேண்டும். பிரிந்து போனால் சந்திக்க வேண்டிய ஊரை முன்கூட்டியே முடிவு செய்வது, பின்தங்கியவர் விரட்டி ஓட்டுவதைத் தவிர்க்கும். தனியே செல்வோர் தம் வழியையும் தங்கும் இடத்தையும் வீட்டாரிடம் எழுதிக் கொடுப்பது நல்லது.

விபத்து நேர்ந்தால் 108 அவசர ஊர்தியை அழைக்க வேண்டும். அடிபட்டவரின் தலைக்கவசத்தைப் பயிற்சியற்றோர் இழுத்துக் கழற்றக் கூடாது. தமிழ்நாட்டின் எல்லைக்குள் விபத்துக்குள்ளாவோருக்கு, எந்த மாநிலத்தவராயினும், முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கும் இன்னுயிர் காப்போம் திட்டம் 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கப்பட்டது. பட்டியலிலுள்ள தனியார் மருத்துவமனைகளும் இதில் அடங்கும். உதவ முன்வருவோருக்கு 2019 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின் பிரிவு 134அ சட்டப் பாதுகாப்பு அளிக்கிறது.

இவற்றையும் பார்க்கவும்

* அரிமளம்
* கிழக்குக் கடற்கரைச் சாலை
* பாம்பன் பாலம்
* தனுஷ்கோடி
* திருமயம் கோட்டை
* தலைக்கவசம்