குப்பைக்குப் போக இருந்த கேம் மெஷின்

போன கிழமை தரம் 10 பிள்ளை ஒருவர் சின்ன கேம் மெஷின் ஒன்றைக் கொண்டுவந்தார். "சேர், ஸ்க்ரீன் கறுப்பாவே கிடக்கு. வாப்பா குப்பையில போடச் சொல்றார்."

மெஷினில் பழுதில்லை. செத்திருந்தது கூடவே வந்த மலிவு மெமரி கார்ட். இவ்வகை மெஷின்களில் இயங்குதளமே அந்தக் கார்டில்தான் இருக்கும். இதில் இருந்தது ஆர்க்ஓஎஸ்; உபுண்டு லினக்ஸிலிருந்து ஆர்வலர்கள் உருவாக்கியது, இலவசம்.

இதற்குப் பின்னால் 20 வருடக் கதை இருக்கிறது. 2005இல் தென்கொரியாவில் ஜிபி2எக்ஸ் என்ற கையடக்க மெஷின் லினக்ஸோடேயே விற்பனைக்கு வந்தது. இரண்டு பென்டோர்ச் பெட்டரியில் ஓடும். விரும்பியவர்கள் அதற்கு கேம் எழுதலாம். அங்கே கதவைத் திறந்துவிட்டது செய்த கம்பனியே.

2009இல் சீனாவிலிருந்து வந்த டிங்கூ ஏ320 அப்படியல்ல. உள்ளே இருந்தது வேறொரு சிறிய இயங்குதளம். நினைவகம் வெறும் 32 எம்பி. இக்னாசியோ கார்சியா பெரெஸ் என்பவர் அதிலும் லினக்ஸை ஓடவைத்தார். பெயர் டிங்குக்ஸ். பழையது உள்ளே அப்படியே இருக்க, லினக்ஸ் கார்டிலிருந்து எழும்பியது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். காசு கொடுத்து வாங்கிய பொருளில் என்ன ஓட வேண்டும் என்பதை வாங்கியவரே தீர்மானித்தார்.

நம்மவர்களும் சும்மா இருக்கவில்லை. பேராதனைப் பக்கம் போகும்போது தெரியும் ஹந்தான மலையின் பெயரிலேயே ஒரு லினக்ஸ் இருந்தது. தனிஷ்க நவின் முன்னின்று, ஃபெடோராவை அடித்தளமாக வைத்து, கல்வி மென்பொருட்களோடு உருவாக்கிய ஹந்தான லினக்ஸ். 2022இல் வந்த ஸ்டீம் டெக் ஆர்ச் லினக்ஸ் வழிவந்த ஸ்டீம்ஓஎஸ்ஸில் ஓடுகிறது. அதை எடுத்துவிட்டுப் பலர் போடும் பஸைட்டும் ஃபெடோராவின் பிள்ளைதான். நம்ம ஹந்தானவுக்குத் தம்பி முறை!

சரி, பிள்ளையின் மெஷினுக்கு வருவோம். புதுக் கார்டில் ஆர்க்ஓஎஸ் எழுதிப் போட்டோம். மீண்டும் கறுப்பு. ஒரே பெயரில் விற்கும் மெஷின்களில் வெவ்வேறு ஸ்க்ரீன்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனிக் கோப்பு வேண்டும். பழைய கார்ட் உயிரோடு இருந்திருந்தால் அதிலிருந்தே எடுத்திருக்கலாம். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். மூன்றாவதில் வெளிச்சம் வந்தது. "சேர்!" என்று கத்தியதில் பக்கத்து வகுப்பு எட்டிப் பார்த்தது.

(பழைய கார்டில் நிறைந்திருந்த கேம்கள் அடுத்தவர் உழைப்பு. அவற்றைத் திரும்பப் போடவில்லை. இலவசமாக விடப்பட்டவை மட்டும் போட்டுக் கொடுத்தேன். கொஞ்சம் முகம் சுருங்கியது.)

இந்த மெஷின் வீட்டில் இருப்பவர்கள், கார்ட் உயிரோடு இருக்கும்போதே ஒரு பிரதி எடுத்து வையுங்கள். தெரியாவிட்டால் பிள்ளையிடம் கார்டைக் கொடுத்தனுப்புங்கள், எடுத்துத் தருகிறேன்.